நிலுவையில் ஒரு கொட்டாவி

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் மாணவர் எதையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கும் உள்ள பொது விதி. இதற்காகவே நிலுவையின்மைச் சான்று என்று ஒன்று உண்டு. ஆய்வகத்தில் குடுவை பாக்கி இல்லை, விடுதியில் வாளி பாக்கி இல்லை, நூலகத்தில் புத்தகம் பாக்கி இல்லை என்று அறை அறையாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினால்தான் பட்டம் கைக்கு வரும். இவற்றில் நூலகக் கையெழுத்துதான் மிகச் சுலபம். புத்தகம் எடுத்தால்தானே பாக்கி இருப்பதற்கு?

எங்கள் பல்கலைக்கழகம் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே போயிற்று. வெளியேறும் மாணவர் எந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று விதி செய்தது. வினா நிலுவையின்மை விதி என்று அதற்குப் பெயர் வைத்தவன் அடியேன். அந்தப் பிரிவின் கண்காணிப்பாளனும் அடியேனே. சீல் என் மேசை டிராயரில் இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது.

விதி வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் படித்த ஒரு பையன் பெரிய கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த மறுநாளே ஒரு மீட்டிங்கில் எழுந்து, "இந்த மீட்டிங் எதுக்கு?" என்று கேட்டுவிட்டான். அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து முதல்முறையாக ஒரு மீட்டிங் பாதியில் நின்றது. கம்பெனிக்காரர்கள் கொதித்துப்போய் எங்களுக்கு எழுதினார்கள்: இனிமேல் அனுப்பும் பிள்ளைகளை முழுவதுமாகக் காலி செய்து அனுப்பவும்.

மாணவர்களுக்கு இந்த விதியால் எந்தச் சிரமமும் ஏற்படவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். எங்கள் மாணவர்கள் பொறுப்பானவர்கள். முதல் வருடம் முதல் நாளே இண்டர்வியூவுக்குக் கோட்டு தைக்க அளவு கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார்கள். வகுப்பில் அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "சார், இது எக்ஸாமுக்கு வருமா?" அதைக் கேள்வியாகக் கருத வேண்டியதில்லை, மூச்சு விடுவதாகக் கருதினால் போதும் என்று பதிவாளர் விளக்கம் அளித்திருந்தார். பதிவாளர் என்றால் எங்கள் எல்லோருக்கும் மேலே இருப்பவர். அவருக்கு மேலே துணைவேந்தரும் மின்விசிறியும்தான். ஒரே ஒரு தடவை மட்டும் குழப்பம் வந்தது. கையெழுத்து வாங்கக் கிளம்பிய சில மாணவர்கள், "நூலகம் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார்கள். இது நிலுவையில் சேருமா என்று பெரிய விவாதம் நடந்து, கடைசியில் வாசலில் ஒரு அம்புக்குறி மாட்டிப் பிரச்சினையைத் தீர்த்தோம்.

மற்றபடி வருவார்கள், "கேள்வி ஏதும் இல்லை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவார்கள், நான் சீல் குத்துவேன். என் பணிக்காலம் இப்படியே சீல் சத்தத்தில் முடிந்திருக்கும். நான் ஓய்வு பெறப் போகிற வருடம் பார்த்து அந்தப் பெண் வந்து சேர்ந்தாள்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாளே ஒழிய கையெழுத்துப் போடவில்லை.

"என்னம்மா, பேனா எழுதலையா?"

"எழுதுது சார். ஆனா ஒன்னு இருக்கு."

"என்ன இருக்கு?"

"கேள்வி சார்."

என் நாற்காலி கிரீச்சென்றது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

"என்ன கேள்வி?"

"ஒருத்தர் கொட்டாவி விட்டா பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் ஏன் சார் வருது?"

"நீ என்ன படிச்சே?"

"கணக்கியல் சார்."

"கணக்கியல் படிச்ச பொண்ணுக்குக் கொட்டாவியைப் பத்தி என்ன?"

"கணக்கியல் கிளாஸ்லதான் சார் ஆரம்பிச்சுது. முதல் பெஞ்சுல ஒருத்தன் விட்டான். அது வரிசையா பின்னாடி வந்துச்சு. கடைசி பெஞ்சு வரைக்கும் போய்த் திரும்பி வாத்தியார்கிட்ட வந்துச்சு. அன்னிலேருந்து மண்டையைக் குடையுது."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? வேலைக்கு உதவுமா? பதவி உயர்வுக்கு உதவுமா?"

"சும்மா சார். தெரிஞ்சுக்கலாம்னு."

படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் வேலை, தேர்வு, மேற்படிப்பு என்று மூன்று கட்டம்தான் உண்டு. சும்மாவுக்குக் கட்டம் கிடையாது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "இல்லைன்னு எழுதிட்டுப் போயேன்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"அவங்களுக்கு நெஜமாவே இல்ல சார். எனக்கு இருக்கே. கீழ 'மேற்கண்டது உண்மை என உறுதி கூறுகிறேன்'னு வேற போட்டிருக்கு."

அந்த வரியையும் எழுதியது அடியேன்தான். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

விதிப்படி, நிலுவையில் உள்ள கேள்விக்குப் பல்கலைக்கழகம் விடை அளித்த பிறகே பட்டம் தரலாம். இந்தப் பெண்ணுக்கோ அதே பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும், சேரும்போது பட்டத்தைக் காட்ட வேண்டும். மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். பஸ் டிரைவர். மகள் முதல் நாள் வேலைக்குக் கொண்டுபோக வாங்கிய தோல் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"சார், எங்க சொந்தத்துல ஒரு ஆள் பாக்கி இல்லாம வேலை கெடச்சுதுன்னு சொல்லிட்டேன் சார். இவ என்னடான்னா கொட்டாவிங்கறா. ஏம்மா, நான் தெனம் ராத்திரி வண்டி ஓட்டறேன், எவ்ளோ கொட்டாவி விடறேன், ஒரு நாளாவது ஏன்னு கேட்டிருக்கேனா?"

"நீங்க விட்டா கண்டக்டர் மாமாவும் விடறாரா இல்லையாப்பா?"

டிரைவர் யோசித்தார். "ஆமா, விடறான்." பிறகு என்னைப் பார்த்து, "ஏன் சார்?" என்றார்.

அவர் எங்கள் மாணவர் அல்ல என்பதால் அந்தக் கேள்வியைப் பதிவு செய்யவில்லை.

"கேள்வியை வாபஸ் வாங்கிடும்மா" என்றேன்.

"வாபஸ் வாங்கினா மண்டைக்குள்ளேருந்து போயிடுமா சார்? எனக்கு வேலையும் வேணும், விடையும் வேணும். ரெண்டும் ஒன்னையொன்னு என்ன பண்ணுது?"

இதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகவே கோப்பைத் திறந்தேன்.

முதலில் உயிரியல் பேராசிரியரிடம் அழைத்துப் போனேன். வாழ்நாள் முழுவதும் நத்தையை ஆராய்ந்தவர். நடையிலும் அது தெரியும். "நத்தைதான் என் துறை. நத்தை கொட்டாவி விடாது. ஆகவே இது என் துறையில வராது" என்றார்.

"விடாதுன்னு எப்படி சார் தெரியும்?" என்றாள் அவள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். சாயங்காலம் எட்டிப் பார்த்தவர்கள், அவர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு நத்தையின் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

உளவியல் துறை, இது உடம்பு சம்பந்தப்பட்டது என்று எழுதி மருத்துவத் துறைக்கு அனுப்பியது. மருத்துவத் துறை, இது மனசு சம்பந்தப்பட்டது என்று எழுதித் திருப்பி அனுப்பியது. கோப்பு இரண்டுக்கும் நடுவே நடந்து நடந்து கொழுத்தது. கடைசியில் பதிவாளர் தலைமையில் கொட்டாவி நிலுவை உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை அங்கேதான் ஆரம்பம்.

பதிவாளர் கூட்டத்தைத் தொடங்கினார். "இன்றைய பொருள், கொட்டாவி" என்று வாசித்தார். வாசித்த வாய் மூடவில்லை. ஒரு பெரிய கொட்டாவி வந்தது. அது மேசையைச் சுற்றி ஒரு வலம் வந்தது. கொட்டாவி ஏகமனதாக நிறைவேறியது என்று நான் குறிப்பில் எழுதினேன்.

"இருங்க, நிதி அதிகாரிக்கு வரலையே?" என்றார் பதிவாளர்.

"நான் ஃபைலைப் பாத்துக்கிட்டிருந்தேன் சார். உங்களைப் பாக்கல."

"அப்போ பாத்தாத்தான் வருமா?"

"சத்தம் கேட்டாலும் வரும் சார்" என்றார் ஒருவர்.

"வராது."

"வரும்!"

பதிவாளர் உடனே விடுதிக் காப்பாளருக்கு போன் போட்டார். அவர் "ஹலோ" என்றதும் இவர் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கொட்டாவி விட்டார். மறுமுனையிலிருந்து ஒரு கொட்டாவி வந்தது. மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பதிவாளர் சிரித்தார். அவருக்குப் பல் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறவனுக்குத் தொற்றுமா? கண்ணாடியில் தன் கொட்டாவியைத் தானே பார்த்தால் இன்னொன்று வருமா? கொட்டாவி என்று எழுதினால் போதுமா, எழுதியதை அடித்துவிட்டால் நின்றுவிடுமா? நிதி அதிகாரி பிறந்ததிலிருந்து "நிதி இல்லை" என்ற ஒரு வாக்கியத்தைத்தான் பேசியிருந்தார், அவர் எழுந்து, "நாய்க்கு வருமா சார்?" என்றார். சபை எழுந்து கேன்டீன் வாசலுக்குப் போயிற்று. அங்கே படுத்திருந்த நாய்க்கு முன்னால் பதிவாளர் முட்டி போட்டு, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வாயை ஆவென்று திறந்தார்.

நாய் அவரைப் பார்த்தது. எங்களையும் பார்த்தது. பிறகு மெதுவாக, மிகுந்த மரியாதையோடு, கொட்டாவி விட்டது.

உண்மையைச் சொன்னால் அந்த வாரம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. காலையில் அலுவலகம் போக ஆசையாக இருந்தது. நாய்க்கு எங்களைப் பார்த்து வந்ததா, அல்லது எங்கள் மேல் அலுப்புத் தட்டி வந்ததா? இதைப் பற்றி யோசித்துக்கொண்டே சாப்பாட்டைக் காதில் ஊட்டிக்கொள்ளப் பார்க்கிறேன் என்று வீட்டில் பெண்டாட்டி கத்தினாள். அந்தப் பெண்ணும் தினம் வந்து எங்களோடு உட்கார்ந்தாள். குழுவில் அவளை யாரும் உறுப்பினராக நியமிக்கவில்லை, எழுந்து போ என்றும் சொல்லவில்லை.

இதை மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவாளர் நாய்க்கு முன்னால் முட்டி போட்டதற்கு அவர்கள் அறிந்த ஒரே காரணம், அது ஏதோ இண்டர்வியூ பயிற்சி என்பதுதான். சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது: பெரிய கம்பெனிகள் இந்த வருடம் இண்டர்வியூவில் கொட்டாவி கேட்கிறார்கள். மறுநாள் கொட்டாவி மன்றம் உதயமாயிற்று. அதற்கு ஒரு தலைவர், மற்ற எல்லோரும் துணைத்தலைவர்கள். வெறும் உறுப்பினர் என்று போட்டால் யார் வேலை தருவார்கள்? சேருவதற்கு மூன்று சுற்று இண்டர்வியூ, அதற்குக் கோட்டு கட்டாயம். முக்கியக் கொட்டாவிகள், அவற்றுக்கான விடைகள் என்று நோட்ஸ் வந்துவிட்டது. நூலகத்தின் திசை காட்டிய அம்புக்குறியைக் கழற்றி மன்றத்தின் அறைக்குத் திருப்பி மாட்டினார்கள்.

அந்தப் பெண் ஆசையாக ஓடிப்போய் மன்றத்துக்கு விண்ணப்பித்தாள். தன்னைப் போல இத்தனை பேருக்கு மண்டை குடைகிறதா என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி வந்தவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"முதல் சுற்றுலயே கழிச்சுட்டாங்க சார்."

"ஏம்மா?"

"அஞ்சு வருஷத்துல கொட்டாவி உங்களை எங்க கொண்டுபோகும்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். அப்புறம் ஏன் சேரணும்னாங்க. சும்மான்னேன். ஃபோகஸ் இல்லைன்னுட்டாங்க."

அந்த மன்றத்தில் ஒருவன்கூட ஏன் வருகிறது என்று கேட்கவில்லை என்றாள். கேட்டால் நேரம் போய்விடுமாம்.

இதற்குள் ஒன்றாம் தேதி நெருங்கிவிட்டது. கம்பெனியிலிருந்து ஆட்களைச் சேர்க்கிற அதிகாரியே நேரில் வந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது, பேச்சிலும் கிடையாது. "என்ன தாமதம்? ஒரு சீல்தானே?" என்றார்.

டிரைவர் தோல் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் விவரத்தைச் சொன்னேன்.

"இவ்வளவுதானா? இதுக்கு பதில் ரொம்ப ஈசி. கொட்டாவிங்கறது..." என்று ஆரம்பித்த அதிகாரி அங்கேயே ஒரு கொட்டாவி விட்டார். டிரைவர் விட்டார். நான் விட்டேன். அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு சின்னப் பையன் எட்டிப் பார்த்தான்.

"அட, ஆமா... ஏன்?" என்றார்.

அவள் கைதட்டிவிட்டாள். "அதைத்தான் சார் நானும் கேக்கறேன்!"

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "அந்தப் பொண்ணு எங்க கம்பெனிக்கு வேண்டாமாம் சார். என்கிட்ட ஒட்டிக்கிச்சு."

"கொட்டாவியா சார்?"

"கொட்டாவி போனாப் போகுது. கேள்வி ஒட்டிக்கிச்சு. நேத்து எங்க எம்.டி.கிட்ட, நாம செய்யற இந்தச் சாமானை யார் வாங்கறா, எதுக்கு வாங்கறான்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னார்?"

"நான் இப்போ வீட்லேருந்து பேசறேன் சார்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாய் விஷயம் என்ன ஆச்சு?" என்றார்.

இதைக் கேட்டதும் துணைவேந்தருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. காரணம் இரக்கம் அல்ல. நுழைவாயில் வளைவில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று வருடா வருடம் முன்கூட்டியே பெயின்ட் அடித்துவிடுவது எங்கள் வழக்கம். ஒரு பெண்ணுக்கு வேலை இல்லையென்றால் நூறு, நூறு ஆகாது. தசமப் புள்ளி வைத்து எழுத வளைவில் இடம் கிடையாது. வளைவை இடித்துக் கட்டுவதைவிட அந்தப் பெண்ணுக்கு இங்கேயே ஒரு வேலை கொடுப்பது மலிவு என்று முடிவாயிற்று. காலியாகப் போகும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் இடம்.

"அதெப்படி சார்? கேள்வி நிலுவையில இருக்கே. பட்டம் தர முடியாதே" என்றேன்.

பதிவாளர் டையை நேராக்கிக்கொண்டார். குழுவைக் கலைக்கச் சொல்லி அவருக்குக் காலையில்தான் உத்தரவு வந்திருந்தது. பல்லைப் பழையபடி உள்ளே வைத்துவிட்டார். "விதியை நல்லாப் படிங்க. மாணவருக்குத்தான் கேள்வி இருக்கக் கூடாது. ஊழியருக்கு இருக்கலாம். கேக்கத்தான் கூடாது."

மகளோடு அங்கே உட்கார்ந்திருந்த டிரைவர், "சுத்தற நாற்காலியா சார்?" என்று கேட்டு, சுற்றும் என்று தெரிந்ததும் கண் கலங்கினார். அவள் மட்டும் அப்பாவின் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க உக்காந்துக்கிட்டு என் கேள்விக்கு விடை தேடலாமா சார்?"

"ஆபீஸ் நேரத்துக்கு அப்புறம் உன் இஷ்டம்மா" என்றார் பதிவாளர். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கிடைச்சா... எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். நத்தைப் பேராசிரியர் நீண்ட விடுப்பில் அனுப்பப்பட்டார். நத்தை கொட்டாவி விட்டது என்று அவர் இன்றும் சொல்கிறார். மிக மெதுவாக விடுவதால் பாதியில் எழுந்து போகிறவர்களுக்குத் தெரியாதாம். கொட்டாவி மன்றத்துக்கு அந்த வருடத்தின் சிறந்த மன்றம் என்று விருது கிடைத்தது.

ஓய்வு பெறும் ஊழியரும் வெளியேறுகிறவர்தான் என்பதால், நானும் வினா நிலுவையின்மைச் சான்று வாங்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் பென்ஷன் கிடையாது. இந்த உட்பிரிவைச் சேர்த்ததும் அடியேனே. என் கடைசி நாளில் என் ஜன்னலுக்கு முன்னால் நானே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கோட்டுப் போட்ட பையன்கள்.

அவள் ஒவ்வொருவரையும் பார்த்து முதலில் நிதானமாக ஒரு கொட்டாவி விட்டாள். எதிரில் நின்றவனும் விட்டான். அவள் ஆசையோடு முன்னால் சாய்ந்து, "கேள்வி ஏதும் இருக்கா?" என்றாள்.

"இல்ல மேடம்."

"இப்போகூட இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு. டைம் எடுத்துக்கோ."

"சீல் மேடம். பஸ் போயிடும்."

சீல் விழுந்தது. அடுத்தவன் வந்தான். கொட்டாவி, கொட்டாவி, "இல்ல மேடம்", சீல். அவள் சலிக்கவே இல்லை. ஒவ்வொருவனிடமும் அதே ஆசையோடு கேட்டாள்.

என் முறை வந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கொட்டாவி விட்டாள். நானும் விட்டேன்.

"சார், கேள்வி ஏதும் நிலுவையில இருக்கா?"

அந்த நாயின் முகம் கண் முன்னால் வந்தது. எங்களைப் பார்த்து வந்ததா, அலுத்துப்போய் வந்ததா? கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் பென்ஷன் தாள் காற்றில் படபடத்தது.

"இல்லம்மா" என்றேன்.

முன்னால் சாய்ந்திருந்த அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சீலை மையில் ஒற்றிக் குத்தினாள். நான் குத்தினதைவிட மெதுவாகத்தான் குத்தினாள். எனக்கென்னவோ அதன் சத்தம் இன்னும் கேட்கிறது.

வாசகப் பெருமக்களுக்கு ஒரு பணிவான அறிவிப்பு. இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து இதுவரை தாங்கள் குறைந்தது ஒரு கொட்டாவியாவது விட்டிருப்பீர்கள் என்பது குழுவின் ஆய்வு முடிவு. ஏன் வந்தது என்று தங்களுக்குக் கேள்வி ஏதும் இருந்தால் அதே ஜன்னலுக்கு வரலாம். அந்தப் பெண் இன்னும் அங்கேதான் காத்துக்கொண்டிருக்கிறாள். கேள்வி ஏதும் இல்லையென்றால், கீழே கையெழுத்திட்டுவிட்டுத் தாங்கள் தாராளமாகப் போகலாம். பஸ் போய்விடும்.